வயலின் வில்லும் ஒரு சாயக்கட்டையும்

மணலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அத்திப்பட்டில் இருக்கும் எனக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். ஆனால் கர்நாடக சங்கீத வரலாற்றில் மணலிக்கு வேறு ஒரு இடம் இருக்கு. இருநூறு வருஷங்களுக்கு முன்னால் மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் ராமஸ்வாமி தீட்சிதரின் குடும்பத்தை இங்கே அழைத்து வந்து ஆதரித்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் மூத்தவர்தான் முத்துஸ்வாமி தீட்சிதர். கடைசித் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858). செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வாசித்த ஐரோப்பிய பேண்டைக் கேட்டு, ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதில் நம் இசையை வாசித்தவர் இவர். வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்த கதை இப்படித்தான் பொதுவாகத் தொடங்குகிறது.

இது பலரும் எழுதிய கதை. நான் எழுத வந்தது வயலினைப் பற்றி இல்லை. வலது கையில் இருக்கும் வில்லைப் பற்றி.

என் தங்கை மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள். புது வில் வாங்கணும்னு டீச்சர் சொன்னதால் கடைக்குப் போனோம். அங்கே காட்டிய வில்களில் ஒன்றின் விலை அவள் வயலினின் விலையை விட அதிகம். "என்ன மாமா, ஒரு குச்சிக்கு இவ்ளோ விலையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் தேடிப் போனபோது அது பாரிஸ், பிரேசில் என்று சுற்றி, கடைசியில் நம்ம கரைக்கே வந்து நின்றது. அந்தக் குறிப்புகளைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன்.

வில் என்ன செய்கிறது?

வில்லில் இருப்பது குதிரைவால் முடி. ஒரு வில்லுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 முடி வரை பிடிக்கும். அதன் மேல் ரோஸின் தேய்ப்பார்கள். ரோஸின் என்பது பைன் மரப் பிசினைக் காய்ச்சி எடுத்த கட்டி. ரோஸின் தேய்த்த முடி தந்தியைப் பிடித்து இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தந்தி வழுக்கிப் பின்னால் போகும். உடனே முடி மறுபடி பிடிக்கும். பிடி, வழுக்கு, பிடி, வழுக்கு என்று இது ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. நம் காதில் விழும் நாதம் அதுதான்.

வீணையில் ஒரு தடவை மீட்டினால் நாதம் எழுந்து மெல்லத் தேயும். வயலினில் வில் ஓடும் வரைக்கும் நாதம் நிற்கும். ஒரே வில்லில் கமகத்தை இழுத்து இழுத்துக் காட்ட முடிவதற்கு, பாடகரின் மூச்சைப் பக்கவாத்தியக்காரர் கூடவே பின்தொடர முடிவதற்கு, காரணம் இதுதான். இடது கை ஸ்வரத்தைச் சொல்கிறது என்றால், அதை எப்படிச் சொல்வது என்பதை வலது கை முடிவு செய்கிறது. துவாரம் வெங்கடசாமி நாயுடு, பரூர் பாணிக்காரர்கள் என்று வில் வீச்சுக்காகவே பேசப்பட்டவர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் அந்த வில்லைச் செய்தது யார் என்று நாம் கேட்டதில்லை.

வெளியே வளைந்ததும் உள்ளே வளைந்ததும்

வில்லும் இசையும் நமக்குப் புதுசு இல்லை. வில்லுப்பாட்டில் வில்லே வாத்தியம். பெரும்பாணாற்றுப்படையில், மாடு மேய்க்கும் ஒருவன் குமிழ மரக் கொம்பை வளைத்து நார் கட்டி வில்யாழ் செய்து வாசிப்பதாக வருகிறது. ஐரோப்பாவிலும் ஆரம்ப கால வயலின் வில், வேட்டை வில் மாதிரிதான் இருந்தது. குச்சி முடியிலிருந்து விலகி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், அல்லது நேராக இருக்கும். கையடக்கம், எடை குறைவு. சின்ன அறையில் நாட்டியத்துக்கு வாசிக்க அது போதும்.

18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கச்சேரி மண்டபங்கள் பெரிதாயின. நீளமான, தொடர்ந்து பாடுகிற மாதிரி நாதம் வேண்டும் என்றார்கள். அதற்குப் பழைய வில் தாங்கவில்லை. இந்த மாற்றத்தில்தான் குச்சி தலைகீழாகத் திரும்பியது. இன்றைய வில்லை எடுத்துப் பாருங்கள்: குச்சி முடியை நோக்கி உள்பக்கமாகக் குழிந்திருக்கும். திருகை முறுக்கி முடியை இழுத்தால் அந்தக் குழிவு குறைந்து, குச்சி நேராகப் பார்க்கும். ஆனால் முழுசா நேராகாது. அந்த மிச்ச வளைவில்தான் வில்லின் பலம் இருக்கிறது.

இது சட்டென்று புரியணும்னா நம்ம ஏரியாவில் நிற்கும் எந்த லாரிக்கும் கீழே குனிந்து பார்த்தால் போதும். லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை முன்கூட்டியே வளைத்துத்தான் போடுவார்கள். லோடு ஏறினதும் பட்டை நேராகும். லோடு இறங்கினதும் பழைய வளைவுக்குத் திரும்பும். அந்த வளைவுக்குப் பட்டறையில் சொல்லும் பெயர் கேம்பர். வயலின் வில் செய்பவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். வில் என்பது மரத்தில் செய்த ஸ்பிரிங். லாரி பட்டைக்குக் கேம்பர் போய்விட்டால் வண்டி தட்டும். வில்லுக்குக் கேம்பர் போய்விட்டால் குச்சி தந்தியில் தட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத டூர்ட்

இந்த வடிவத்தை முடிவு செய்தவர் என்று சொல்லப்படுபவர் பாரிஸைச் சேர்ந்த ஃபிரான்சுவா சேவியே டூர்ட். 1740-களின் கடைசியில் பிறந்தார், 1835-ல் இறந்தார். நம் முத்துஸ்வாமி தீட்சிதர் மறைந்ததும் அதே 1835-ல்தான். பாலுஸ்வாமி மணலியில் வயலின் கற்ற காலத்தில் டூர்ட் பாரிஸில் தன் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அதாவது, வயலின் நம்மிடம் வந்து சேர்ந்ததும் வில் இன்றைய வடிவத்தை அடைந்ததும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் நடந்தவை.

டூர்ட் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஃபெட்டிஸ் என்ற இசை அறிஞர் 1856-ல் எழுதியதிலிருந்து வருகிறது. டூர்ட்டின் அப்பாவும் அண்ணனும் வில் செய்பவர்கள். இவரை மட்டும் கடிகாரப் பட்டறைக்கு அனுப்பினார்கள். எட்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு, பிறகுதான் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். எழுதப் படிக்கத் தெரியாது. கை பழகுவதற்காகப் பழைய சர்க்கரைப் பீப்பாய்ப் பலகைகளைச் சீவிச் சீவி வில் செய்து பார்த்தாராம். வயதான காலத்தில் பகலில் வேலை, சாயங்காலம் சேன் நதியில் தூண்டில் போடுவது என்று வாழ்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் அவர் ஒருத்தரே கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட முடியாது. அப்பா, அண்ணன் செய்த வில்களிலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. லண்டனில் ஜான் டாட் என்பவரும் அதே காலத்தில் அதே திசையில் போய்க்கொண்டிருந்தார். பாரிஸுக்கு 1782-ல் வந்த இத்தாலிய வயலின் மேதை வியோட்டி டூர்ட்டுக்கு யோசனை சொன்னார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. டூர்ட் செய்தது, சிதறிக் கிடந்த முயற்சிகளுக்கு ஒரு முடிவான அளவு கொடுத்தது. நீளம் 74–75 செ.மீ. தலை கொஞ்சம் உயரம், கனம். கைப்பிடிப் பக்கம் அதைச் சமன் செய்யும் எடை. முடி கயிறு மாதிரி உருளாமல் பட்டையாக விரிந்து நிற்க ஓர் உலோக வளையம். குச்சியின் கனம் கைப்பிடிப் பக்கம் சுமார் 8.6 மி.மீ. என்று தொடங்கி, தலைப்பக்கம் 5.3 மி.மீ. என்று மெலிகிறது. இந்த மெலிவு ஒரே சீராக இல்லை. தலையை நெருங்க நெருங்க வேகமாகக் குறைகிறது.

பிறகு ழான் பாப்டிஸ்ட் வ்யூயோம் என்ற பாரிஸ் பட்டறைக்காரர் டூர்ட் வில்களை அளந்து பார்த்து, அந்த மெலிவுக்குள் ஒரு கணித ஒழுங்கு இருக்கிறது என்று காட்டினார். மடக்கை வளைவு என்று பள்ளியில் படித்தோமே, அதுபோல. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் அதைக் கணக்குப் போட்டுச் செய்திருக்க வாய்ப்பில்லை. வளைத்துப் பார்த்து, கையில் தட்டிப் பார்த்து, சீவி, மறுபடி வளைத்துப் பார்த்துத்தான் வந்திருப்பார். கணக்கு பின்னால் வந்தது. கை முன்னால் போனது.

அந்த மரம்

டூர்ட்டின் இன்னொரு பெரிய முடிவு மரம். அதற்கு முன் ஸ்நேக்வுட் போன்ற பல மரங்களை உபயோகித்தார்கள். டூர்ட் பெர்னாம்புகோ என்ற மரத்தில் நின்றார். பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ஒரு பிரதேசத்தின் பெயர் அது. கெட்டியான, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த மரம். நெருப்பில் காட்டி வளைத்தால் வளையும். ஆறினால் அந்த வளைவிலேயே நிற்கும். மெல்லிசாகச் சீவினாலும் விறைப்பு போகாது. தட்டினால் அதிர்வு சீக்கிரம் அடங்காது. இவை அத்தனையும் ஒரே மரத்தில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

சரி, பிரேசில் காட்டு மரம் ஒரு பாரிஸ் பட்டறைக்கு எப்படி வந்தது? வில் செய்வதற்காக வரவில்லை. துணிக்குச் சாயம் போட வந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரெஞ்சு, போர்த்துகீசியக் கப்பல்கள் இந்தக் கட்டையை ஏற்றிக்கொண்டு போய், தூளாக்கிச் சிவப்புச் சாயம் எடுத்தன. டூர்ட் மாதிரி ஆட்கள் சாயக்கட்டைக் குவியலுக்குள் புகுந்து, கோணல் இல்லாத, முடிச்சு இல்லாத, நேர் ரேகை ஓடும் கட்டையைத் தேடி எடுத்தார்கள்.

இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புது. கேரளா ஹோட்டல்களில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்களே, பதிமுகம் போட்ட தண்ணி, குடித்திருப்பீர்கள். அந்தப் பதிமுகமும் இந்தப் பெர்னாம்புகோவும் உறவு மரங்கள். தமிழில் சப்பங்கம் என்பார்கள், ஆங்கிலத்தில் சப்பன். ரொம்ப காலமாக இரண்டையும் சிசால்பினியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2016-ல்தான் தாவரவியலாளர்கள் பெர்னாம்புகோவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இரண்டிலும் சிவப்பைத் தருவது பிரேசிலின் என்ற ஒரே பொருள்.

அமெரிக்கா என்ற கண்டத்தை ஐரோப்பா அறிவதற்கு முன்பே, ஆசியாவிலிருந்து போன இந்தச் சிவப்புச் சாயக்கட்டைக்கு அங்கே 'பிரேசில்' என்று பெயர் வந்துவிட்டது. கனல் போன்ற நிறம் என்பதால். கொல்லத்தில் நல்ல பிரேசில் கட்டை கிடைக்கும் என்று மார்கோ போலோவின் பயணக் குறிப்பில் இருக்கிறது. 1500-ல் போர்த்துகீசியர்கள் தென்னமெரிக்கக் கரையில் இறங்கி, அதே மாதிரி சிவப்புத் தரும் மரத்தைப் பார்த்ததும் பழைய பெயரையே அதற்கு வைத்தார்கள். மரத்தின் பெயர் நாட்டின் பெயரானது. மலபார்க் கரையில் விற்ற ஒரு சாயக்கட்டையின் பெயரைத்தான் ஐந்து உலகக் கோப்பை ஜெயித்த நாடு சுமந்துகொண்டு இருக்கிறது.

இன்னொரு விஷயம். அந்தச் சாயப் பொருளுக்கும் வில்லின் குணத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. மரத்துக்குள் ஊறிக்கிடக்கும் இந்தச் சாறுகள்தான் மரத்தின் உள்ளே அதிர்வு வீணாவதைக் குறைக்கின்றன என்று 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள். சாயக்காரர் தேடியதும் வில்காரர் தேடியதும் ஒரே பொருளைத்தான். அது இருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு வில் எப்படி உருவாகிறது

பிரெஞ்சு முறை, சுருக்கமாக:

மரத்தை ரேகை ஓடும் திசையிலேயே சதுரக் குச்சிகளாக அறுத்து வருஷக்கணக்கில் காயவிடுவார்கள். அப்பா வாங்கி வைத்த மரத்தில் மகன் வில் செய்வது சாதாரணம். பிறகு ரம்பத்தில் தலையின் உருவத்தை வெட்டி, குச்சியைச் சின்ன இழைப்புளியால் எட்டுப் பட்டையாகச் சீவுவார்கள். இன்னும் பருமனாக இருக்கும்போதே நெருப்பில் காட்டி, உள்வரைக்கும் சூடு ஏறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பார்கள். மேல்தோல் மட்டும் சூடானால் வளைவு சில மாதத்தில் திரும்பிவிடும்.

ஏன் வளைக்கணும், வளைந்த வடிவத்திலேயே பலகையில் அறுத்து எடுத்தால் ஆகாதா? ஆகாது. அப்படி அறுத்தால் மர ரேகை நடுவில் அறுந்து போகும். இழுவை வரும்போது அந்த இடத்தில் முறியும். வளைத்தால் ரேகை தலையிலிருந்து கைப்பிடி வரை அறுபடாமல் ஓடும். இரும்பிலும் இதே கதைதான். அறுத்துச் செய்த கொக்கியை விட அடித்து வளைத்த கொக்கிக்குப் பலம் அதிகம் என்று ஃபோர்ஜிங் வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

தலையைக் கத்தியால் செதுக்குவார்கள். தலையின் முகப்பில் தந்தத்தில் ஒரு மெல்லிய தகடு ஒட்டுவது பழைய வழக்கம். இப்போது எலும்பு அல்லது வெள்ளி. கையில் பிடிக்கும் இடத்தில் நகரும் சின்னக் கட்டையை ஆங்கிலத்தில் ஃப்ராக், அதாவது தவளை என்பார்கள். அது கருங்காலியில் செய்தது. கருங்காலி மாலை என்று இப்போது ஊரெல்லாம் விற்கிறார்களே, அந்தப் பெயருக்குரிய மரம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. கண் மாதிரி பதிக்கும் வட்டம் முத்துச்சிப்பி. கடைசியில் முடியைச் சீவி, இரண்டு முனையையும் நூலால் கட்டி, மெழுகோ பிசினோ வைத்து இறுக்கி, தலையிலும் ஃப்ராக்கிலும் உள்ள குழிகளில் சின்ன மர ஆப்பு வைத்து அடைப்பார்கள். அந்த ஆப்புகளுக்குப் பசை கிடையாது. முடி தேய்ந்தால் மாற்றணுமே.

எல்லாம் முடிந்தபின் மொத்த எடை ஏறக்குறைய 60 கிராம். இந்த 60 கிராமில் அரை கிராம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதில்தான் நல்ல வில்லும் சாதா வில்லும் பிரிகின்றன. தங்கை மகளுக்கு நான் சொன்ன பதில் இது: நீ காசு கொடுப்பது குச்சிக்கு இல்லை, எந்த இடத்தில் சீவுவதை நிறுத்தணும் என்று தெரிந்த கைக்கு.

பெயர் இல்லாத கைகள்

பிரான்சின் கிழக்கே, வோஜ் மாவட்டத்தில் மிரெகூர் என்று ஒரு சின்ன ஊர். நமக்குத் தஞ்சாவூர் வீணை மாதிரி, அவர்களுக்கு மிரெகூர் வயலினும் வில்லும். பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பட்டறையில் சேர்ந்துவிடுவார்கள். கெட்டிக்காரர்கள் பாரிஸுக்குப் போவார்கள்.

மேலே சொன்ன வ்யூயோம் (1798–1875) மிரெகூர்க்காரர்தான். பாரிஸில் அவர் நடத்திய பட்டறைக்கு ஊரிலிருந்து ஆட்களை வரவழைத்தார். அப்படி வந்தவர்தான் தொமினிக் பெக்காத் (1810–1874). டூர்ட்டுக்கு அடுத்தபடி இன்று அதிகம் மதிக்கப்படும் பெயர். பிறகு வந்தவர் வுவாரன் (1833–1885). அவர் வில்லை இன்னும் மெல்லிசாக, லேசாக ஆக்கினார். வுவாரனிடம் இருந்தவர் லாமி. லாமியிடம் இருந்தவர் சார்த்தோரி (1871–1946). நம்முடைய குரு சிஷ்ய வரிசையைச் சொல்வது போலவே இதைச் சொல்லலாம்.

ஆனால் பெக்காத்தும் வுவாரனும் அங்கே வேலை பார்த்த காலத்தில் செய்த வில்களில் அவர்கள் பெயர் இருக்காது. 'வ்யூயோம், பாரிஸ்' என்ற முத்திரைதான் இருக்கும். டூர்ட் வில்களிலும் பெரும்பாலானவற்றில் முத்திரையே இல்லை. அதனால் இன்று நிபுணர்கள் தலையின் விளிம்பை எந்தக் கோணத்தில் சீவியிருக்கிறது, கத்தி எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்து, இது இன்னாரின் கை என்று அடையாளம் சொல்கிறார்கள். 2017-ல் பிரான்சில் ஏலம் போன ஒரு டூர்ட் வில் ஐந்து லட்சம் யூரோவைத் தாண்டியது. செய்தவருக்குத் தன் கையெழுத்தைப் போடத் தெரியாது. அவர் கையின் தடம்தான் கையெழுத்தாக நிற்கிறது.

கும்மிடிப்பூண்டி, மணலி பக்கம் வேலைக்குப் போகும் யாருக்கும் இது புதுசாகத் தெரியாது. காண்ட்ராக்டில் இருப்பவன் செய்த பாகம் கம்பெனி பெயரில் வெளியே போகும். என்ன, இருநூறு வருஷம் கழித்து யாரும் கத்தித் தடம் பார்த்து அவனைத் தேட மாட்டார்கள்.

இந்த வரிசை ஒரு கட்டத்தில் அறுந்து போகிற நிலைக்கு வந்தது. இரண்டு உலகப் போர்கள், தொழிற்சாலை வில்கள், குறைந்த கூலி எல்லாம் சேர்ந்து 1960-களில் மிரெகூரில் கற்றுக்கொடுக்கவே ஆள் இல்லாத நிலை. 1971-ல் அங்கே ஒரு வில் செய்யும் பள்ளி வகுப்பு தொடங்கி, பெர்னார் ஊஷார் என்ற பரம்பரை வில்காரரை ஆசிரியராக அழைத்தார்கள். 1979-ல் அவர் இறக்கும்வரை சுமார் எட்டு வருஷம்தான் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த கொஞ்சம் பேர்தான் இன்றைய பிரெஞ்சு வில் கலையை மறுபடி நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவரான பெனுவா ரோலாண்ட் பிறகு அமெரிக்கா போய், 2012-ல் மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் பெற்றார். அழிந்துகொண்டிருந்த ஒரு கைத்தொழிலை எட்டு வருஷமும் ஓர் ஆசிரியரும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கை பிழைத்தது, மரம்?

கையைக் காப்பாற்றியாச்சு. மரத்தைக் காப்பாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. பெர்னாம்புகோ வளர்வது பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காட்டில் மட்டும். சாயத்துக்காக முந்நூறு வருஷம் வெட்டினார்கள். பிறகு கரும்புக்கும் காபிக்கும் ஊர்களுக்கும் காட்டையே அழித்தார்கள். பழைய காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்குதான். 1978-ல் பிரேசில் இதைத் தேசிய மரமாக அறிவித்தது. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் 2007-ல் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2022-ல் பனாமாவில் நடந்த மாநாட்டில், முதல் பட்டியலுக்கு மாற்றி முழுசாகக் கட்டுப்படுத்தணும் என்று பிரேசில் கேட்டது. இசைக்கலைஞர்கள் பயந்தார்கள்: கச்சேரிக்கு நாடு விட்டு நாடு போகும்போது வில்லைப் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்று. கடைசியில் இரண்டாம் பட்டியலிலேயே வைத்து, பிரேசிலிலிருந்து வெளியே போகும் செய்து முடித்த வில்லுக்கும் அனுமதி வேண்டும் என்று இறுக்கினார்கள்.

யார் பக்கம் நியாயம்? வில்காரர்கள் சொல்வது: நாங்கள் உபயோகிப்பது ரொம்பக் கொஞ்சம், காட்டை அழித்தது நாங்கள் இல்லை. உண்மைதான். பிரேசில் சொல்வது: மிச்சம் இருப்பதே கொஞ்சம், அதிலும் பாதுகாக்கப்பட்ட காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய மரம் வில்லாகி வெளியே போகிறது. அதுவும் உண்மைதான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து வழக்கு மாதிரித் தோன்றக்கூடாது. செம்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சிவப்பு, அதுவும் ஒரே ஒரு பகுதியில் வளர்வது: ஆந்திராவின் சேஷாசலம் மலைகள், அதையொட்டிய காடுகள். அதுவும் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில்தான். அதற்கும் வாத்தியச் சம்பந்தம் உண்டு. ஜப்பானில் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்தின் உயர்ந்த ரகக் கழுத்து செம்மரத்தில் செய்வது. கடத்தல் லாரிகள் நம்ம நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர்கள் நம்ம பக்கத்துத் துறைமுகங்களிலும் பிடிபடும் செய்தி அடிக்கடி வரும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலத்தில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போன கூலிகள். மரத்தின் விலை எங்கோ ஏறும்போது, உயிர் போவது அடிமரத்தின் பக்கத்தில் நிற்பவனுக்கு. அந்த மரம் கடைசியில் எந்த அழகான பொருளாக ஆனாலும், இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும் என்று நினைக்கிறேன்.

வில்காரர்களில் ஒரு பகுதியினர் அதைப் பார்த்தார்கள். 2000-ஐ ஒட்டி சர்வதேச பெர்னாம்புகோ பாதுகாப்பு முயற்சி என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, தங்கள் வருமானத்திலிருந்து பணம் போட்டு, பிரேசிலில் கன்று நடும் வேலைக்கு உதவுகிறார்கள். ஒரு கன்று வில்லுக்கு ஆகும் அளவு முற்றுவதற்குப் பல பத்து வருஷம் ஆகும். நடுகிறவர் அதில் வில் செய்யப் போவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

வில் வாங்கும்போது என்ன பார்க்கணும் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வரையில்:

கடையில் பிரேசில்வுட் என்று விற்கும் மலிவு வில்கள் பெரும்பாலும் பெர்னாம்புகோ இல்லை; வேறு கெட்டி மரங்கள். தப்பில்லை, கற்றுக்கொள்ளப் போதும். ஆனால் பெயரைப் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பது போல் ஃப்ராக் பக்கத்திலிருந்து குச்சியின் நீளத்துக்குப் பாருங்கள். இடது வலதாகக் கோணி இருந்தால் வேண்டாம். வாசிக்கும் அளவுக்கு முறுக்கிய பிறகும் நடுவில் வளைவு தெரியணும்.

கார்பன் ஃபைபர் வில் நல்ல ரகத்தில் இப்போது கிடைக்கிறது. ஆரம்ப காலத்தில் அதை உருவாக்கியவர்களில் மேலே சொன்ன பெனுவா ரோலாண்டும் ஒருவர். மிரெகூரில் பழைய முறையில் படித்தவர்தான் அதையும் செய்தார். எண்ணூர், அத்திப்பட்டு மாதிரி கடல் காற்று அடிக்கும் ஊரில் அது கோணாமல் நிற்கும் என்பது கூடுதல் வசதி. எந்த வில்லாக இருந்தாலும் வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள். முடி ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். முறுக்கியபடியே விட்டு, வெயில் நாளில் முடி சுருங்கினால், கேம்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். போன கேம்பரைத் திருப்பிக் கொண்டுவர, நெருப்பும் மரமும் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்ம ஊரில் ரொம்பக் குறைவு.

வயலினை நாம் எடுத்து, ஸ்ருதியை மாற்றி, தரையில் உட்கார்ந்து, கணுக்காலில் சாய்த்து, முழுசா நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம். வில்லை மட்டும் வந்தபடியே வைத்துக்கொண்டோம். சப்பங்கம் விற்ற கரை, கருங்காலி வளரும் காடு, வீணை செதுக்கும் கை எல்லாம் இங்கே இருக்கு. மிரெகூரில் ஒரு வகுப்பு செய்ததை இங்கே ஒரு வகுப்பு செய்ய முடியாதா என்ற கேள்வியை, இசைக் கல்லூரிகளில் இருப்பவர்கள் யாராவது படித்தால், அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.